சஃபியிலிருந்து வந்தவர்களை மீஞ்சூருக்கு அழைத்துப் போனது

ஜனவரி இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. என் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் இருபத்து மூன்று காட்டியது. காற்று கடல் பக்கமிருந்து வராததால் மீன் வாடை குறைவு, லாரிப் புகை அதிகம். அந்த நேரத்தில் ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் என் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. முன் இருக்கையிலிருந்து நான் இறங்கினேன். பின்னாலிருந்து மொராக்கோ நாட்டு சஃபி நகரத்துப் பெண்கள் இருவர் இறங்கினார்கள். தாய் ஃபாத்னா, வயது அறுபத்தொன்பது. மகள் ஹனான், முப்பத்து நான்கு. பெட்டிகள் மூன்று.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தாங்கள்தான் தூர தேசம் போவார்கள். எனக்கு வயது எழுபத்தாறு, பாஸ்போர்ட் கிடையாது. என்னைத் தேடித் தூர தேசம் வந்தது. விமான நிலையம் நீங்கலாக ஐந்து நாளில் நான் போன தூரம் அறுபத்து மூன்று கிலோமீட்டர். அதற்குள் இவ்வளவு பயப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

இவர்கள் எனக்கு யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுகிற வேலை. உரத்துக்கான பாஸ்பேட் கல் மொராக்கோவிலிருந்து வரும். அப்படி வந்த கப்பல் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன் இத்ரீஸ். மஞ்சள்காமாலையில் விழுந்தான். கப்பல் அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாற்பத்தேழு நாள் எங்களோடு இருந்தான். அந்த நாட்களில்தான் அவனுக்கு மகள் பிறந்த தந்தி எங்கள் விலாசத்துக்கு வந்தது. என் மனைவி கேசரி கிளறினாள். அந்த மகள்தான் ஹனான்.

அதன் பிறகு நான்கு தடவை வேறு வேறு கப்பல்களில் வந்தான். ஐந்தாவது தடவை, கப்பல் உள்ளே வர இடம் கிடைக்காமல் கடலில் காத்திருந்தபோது மாரடைப்பு. உடலை ஊருக்கு அனுப்ப அவர்களுக்கு வசதியில்லை. இங்கேயே ஒரு பள்ளிவாசலின் மையவாடியில் அடக்கம் செய்தோம். மண் போட்டவர்களில் அவனை உயிரோடு பார்த்தவன் நான் ஒருவன்தான். இது நடந்து இருபத்தெட்டு வருஷம்.

ஹனான் படித்து நர்ஸ் ஆகும்வரை என்னால் முடிந்ததை அனுப்பினேன். அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவி போன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு சஃபியிலிருந்து வரும் அழைப்பு ஒன்றுதான் வாரத்தில் என் போனுக்கு வருவது, கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்களைத் தவிர. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் நான் 'அம்மி'. அவர்கள் மொழியில் சித்தப்பா.

வருஷம் ஒரு முறை நான் செய்தது ஒன்று உண்டு. முஹர்ரம் பத்தாம் நாள் அவர்கள் ஊரில் எல்லோரும் கபருக்குப் போய்த் தண்ணீர் தெளிப்பார்களாம். ஃபாத்னாவால் வர முடியாதல்லவா. அதனால் நான் அன்றைக்கு மையவாடிக்குப் போய், தண்ணீர் தெளித்து, இத்ரீஸின் கபரைப் படம் பிடித்து அனுப்புவேன். இதுவரை இருபத்தெட்டுப் படம்.

அவற்றில் பதினொன்றுதான் உண்மை.

பன்னிரண்டாவது வருஷம் போனபோது, நான் அடையாளம் வைத்திருந்த வேப்பமரத்தைக் காணவில்லை. புயலில் விழுந்துவிட்டது. அந்த வரிசையையே மட்டமாக்கி, மறுபடி குழி வெட்டியிருந்தார்கள். அது தப்பில்லை. நகரத்தில் இடம் கிடையாது. சில வருஷம் கழிந்தால் அதே மண்ணில் இன்னொருவரை அடக்கம் செய்வது வழக்கம். காவலாளி காதர் பாய் என்னிடம் அன்றே சொன்னார். நான் அதை அப்படியே சஃபிக்கு எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதில், சுவர் ஓரத்தில் பெயரில்லாத ஒரு கபர், தலைமாட்டில் அதே போல ஒரு கல், அதைப் படம் பிடித்து அனுப்பினேன். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். பதினேழு வருஷம் ஆயிற்று.

இப்போது ஃபாத்னா அந்தக் கபரைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

முதல் நாள் தப்பித்தேன். என் வீட்டு மாடிப்படி முப்பத்தொன்று. ஃபாத்னாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியிலும் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறினாள். உள்ளே வந்ததும் பெட்டியைத் திறந்து மத்தி மீன் டின்களை அடுக்கினாள், இருபத்து நான்கு. அவள் முப்பது வருஷம் மத்தி டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். பிறகு ஒரு கிலோ சீனியைக் கூம்பு வடிவக் கட்டியாக எடுத்து வைத்தாள். தேநீரில் எட்டு ஸ்பூனுக்குக் குறையாமல் போட்டாள். எனக்குச் சர்க்கரை வியாதி. மூன்று கிளாஸ் குடித்தேன். சாயங்காலம் அவர்களை மண்ணடியில் ஏற்பாடு செய்திருந்த லாட்ஜில் விட்டுவிட்டு வந்து மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டேன்.

புதன்கிழமை காலை ஹனான் போன் செய்தாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு ஆங்கிலத்தில்தான். "அம்மி, இன்றைக்குப் போகலாமா?"

"வெள்ளிக்கிழமைதானே உங்கள் ஊரில் கபருக்குப் போவார்கள்? வெள்ளிக்கிழமை போகலாம்," என்றேன். நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துப் போனேன்.

காசிமேட்டில் ஃபாத்னாவின் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கூடை கூடையாகக் குனிந்தாள். மீன் விற்கிற அம்மா ஒருத்தியின் கூடையில் கைவிட்டு, ஒரு மத்தியை எடுத்துச் செவுளைப் பிளந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாள்.

"ஏய், இன்னா தூக்கிப் போட்ற? இப்பத்தான் போட்லேர்ந்து எறங்கிக்கீது. கண்ணப் பாரு, கண்ணாடி மாரி கீது!" என்றாள் மீன்காரம்மா.

ஃபாத்னாவுக்குத் தமிழில் மூன்று சொல் தெரியும். இத்ரீஸ் எங்கள் வீட்டில் கற்றுப் போய் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவை. சோறு, போதும், கலீஜ். அவள் மீனைக் காட்டி, நிதானமாக, "கலீஜ்" என்றாள்.

அந்த வரிசையில் இன்னும் ஏழு கூடைக்காரிகள். ஏழு பேரும் சிரித்தார்கள். "அடியே, ஃபாரின் அம்மா நம்ம பாஷையில உன்ன வார்றாங்கடீ!" மீன்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடியில் வைத்திருந்த பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, "இந்தா தாயி, இது ஊட்டுக்கு எடுத்துவெச்சது. எடுத்துக்க," என்று ஒரு கிலோ நிறுத்துப் போட்டாள்.

அதை என் வீட்டுச் சமையலறையில் ஃபாத்னா சமைத்தாள். கொத்தமல்லி, பூண்டு, சீரகம், எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்து அரைத்து, இரண்டு மீனை முள் நீக்கி விரித்து, நடுவில் மசாலா வைத்து ஒட்டிப் பொரித்தாள். நம் ஊரில் இரண்டு மீனை ஒன்றாக்கிப் பார்த்ததில்லை. நான் ஐந்து சாப்பிட்டேன், அதாவது பத்து. அலமாரியில் மூன்றாவது தட்டைத் தேடி எடுக்க நேரமாயிற்று. அடியில் போயிருந்தது.

சாப்பிட்ட பிறகு ஃபாத்னா கைப்பையிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்தாள். இருபத்தெட்டுப் படமும் வரிசையாக ஒட்டியிருந்தன. இடத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கக் கொண்டுவந்திருக்கிறாளாம். பன்னிரண்டாவது பக்கத்தைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"இங்கிருந்து மரம் இல்லையே, வெட்டிவிட்டார்களா என்கிறாள்," என்றாள் ஹனான்.

"புயல்," என்றேன். அது பொய்யில்லை.

வியாழக்கிழமை அவர்களை மீஞ்சூருக்கு அழைத்துப் போனேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, வழியில் எண்ணூர் இருக்கிறது, இத்ரீஸ் வந்த கடல் அதுதான் என்று காரணம் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்தால் ஆல்பத்தைத் திறப்பாள் என்பதுதான் காரணம்.

ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறினோம். கத்திவாக்கம் தாண்டியதும் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரி ரயில் ஒன்று போனது. ஐம்பத்தெட்டுப் பெட்டி. அது போன பிறகும் நாங்கள் நின்றோம், முப்பத்தெட்டு நிமிடம். எதிர் இருக்கையில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"எந்த ஊரு நைனா இவங்க? காஷ்மீரா?"

"மொராக்கோ."

"அது எங்க கீது? துபாயாண்டயா?"

"துபாய் தாண்டி இன்னும் எட்டு மணி நேரம்."

"அய்ய! அம்மாந் தூரத்துலேர்ந்து மீஞ்சூர் பாக்கவா வந்துகீறாங்க? மீஞ்சூர்ல இன்னா கீது? நானே அங்கத்தான் கீறேன், எனக்கே தெரியலியே!"

பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். ஹனான் என்ன என்று கேட்டாள். நம் ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாள் என்றேன். முருங்கைக்காய் அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு கொய்யாப்பழம் கொடுத்தாள். மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்ட ஹனானுக்குக் கண்ணீர் வந்தது.

மீஞ்சூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஆலை வாசலுக்குப் போனோம். உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார். வாசலுக்கு வெளியே நின்று சுற்றுச்சுவரைப் பார்த்தோம். ஒரு நாய் படுத்திருந்தது. ஃபாத்னா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"இங்கே ஏன் வந்தோம் என்று கேட்கிறாள்," என்றாள் ஹனான்.

"கடல் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக்குகிறார்கள் என்று சொல்."

சொன்னாள். ஃபாத்னா யோசித்துவிட்டுப் பதில் சொன்னாள். ஹனான் தயங்கி மொழிபெயர்த்தாள். "எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறதாம். இங்கே இத்ரீஸ் இல்லையே என்கிறாள்."

திரும்பும்போது ரயிலை நம்பாமல் ஷேர் ஆட்டோவில் வந்தோம். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. நூற்றுப்பதினாறு வரை எண்ணி விட்டுவிட்டேன். முகத்துவாரத்துப் பாலத்தில் ஆட்டோ நின்றபோது, தண்ணீருக்கு அப்பால் புகைபோக்கிகள் தெரிந்தன. ஃபாத்னா மூக்கை உறிஞ்சினாள். அவர்கள் ஊரின் தெற்கே உர ஆலைகள் இருக்கின்றன, இதே வாசனை வரும் என்றாள். "அவர் எழுதுவார், ராயபுரத்தில் காற்று வடக்கேயிருந்து அடித்தால் வீட்டு நினைவு வருகிறது என்று. நான் பொய் என்று நினைத்தேன். மூக்கைப் பிடிக்கிற வாசனையில் யாருக்காவது வீட்டு நினைவு வருமா?" என்று சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று ராத்திரி படுக்கப் போகும்முன் ஒரு நம்பிக்கை வந்தது. அந்த மையவாடிக்குள் பெண்களை விடும் வழக்கம் இல்லை. இத்தனை வருஷம் போய்வந்தும் இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. காதர் பாய் தடுத்துவிடுவார். அவர்கள் வாசலில் நின்று துவா செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டாம். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக் கூட்டம் கலைந்த பிறகு, இரண்டரை மணிக்குப் போனோம். ஃபாத்னா வெள்ளை அங்கி உடுத்தியிருந்தாள். கையில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் பாட்டில், வாசனை இலைக் கொத்து, மூன்று கிலோ உலர்ந்த அத்திப்பழம். கபருக்குப் போனால் ஏழைகளுக்கு ரொட்டியும் அத்திப்பழமும் கொடுப்பது அவர்கள் வழக்கம். ரொட்டிக்குப் பதில் நான் கல்மண்டபம் பேக்கரியில் நாற்பது பன் வாங்கியிருந்தேன். உள்ளே குழாயில் தண்ணீர் வராது என்று தெரியும். ஒரு கேன் தண்ணீரும் வாங்கி ஆட்டோவில் வைத்திருந்தேன்.

காதர் பாய் வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போனார்.

"அவரு சம்சாரமா?"

"ஆமாம்."

"விஷயத்தச் சொல்ட்டியா நைனா?"

"இல்லை."

தாடியைத் தடவினார். "சரி, பேஜாராவாத. நான் பாத்துக்கறேன்." பெண்களிடம் வந்து, கையை நெஞ்சில் வைத்து, "அம்மா, இங்க லேடீஸ் உள்ள வர்ற வழக்கம் கெடையாது. தப்பா நெனச்சுக்காதீங்க. இங்கியே நின்னு துவா பண்ணிக்கலாம், எல்லாம் போய்ச் சேரும்," என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஹனான் அரபியில் சொன்னாள்.

ஃபாத்னா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவள், ஒரு இரும்புக் கதவுக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஊருக்கு அந்த ஊர் வழக்கம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டாள்.

"எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும் என்கிறாள்," என்றாள் ஹனான். "அந்தப் பக்கம் பார்த்து நிற்பாளாம்."

நான் கையைத் தூக்கினேன். விரல் சுவர் ஓரத்தை நோக்கிப் போனது. பதினேழு வருஷம் போன பழக்கம். ஃபாத்னா என் விரல் நுனியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். தன் உடம்பை அந்த விரலுக்கு நேராக, ஒரு அங்குலம் இப்படி ஒரு அங்குலம் அப்படி என்று சரிசெய்துகொண்டு நின்றாள். இரண்டு கையையும் ஏந்தினாள்.

கையை இறக்கிவிட்டேன். "ஹனான், அது இல்லை. அது அவன் இல்லை," என்றேன். மீதியையும் சொன்னேன். மரம், மட்டமாக்கியது, பதினொன்று, பதினேழு. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹனான் உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்தொன்பது வந்தபோது அவள் தாயிடம் திரும்பிப் பேசத் தொடங்கினாள்.

காதர் பாய்க்கு என் ஆங்கிலம் புரியாது, நிலைமை புரிந்துவிட்டது. "நான்தான் உன்னக் காப்பாத்தி உட்டேனே. இன்னாத்துக்குப்பா இப்ப வாயத் தொறந்த?" என்று என் காதருகே சீறினார்.

ஃபாத்னா அழவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என்னிடம் அல்ல, காதர் பாயிடம். அவரை எடுத்து வெளியே எங்காவது போட்டுவிட்டீர்களா?

நான் அதைத் தமிழில் சொன்னதும் காதர் பாய் பதறிப்போனார். "அய்யோ, அப்டிலாம் இல்லம்மா! யாரையும் வெளிய போட மாட்டோம். தோண்டறப்ப எலும்பு ஏதாச்சும் வந்தா, அதே குழியில அடியில பத்திரமா வெச்சு மண்ணு போட்டுத்தான் மேல ஆள வெப்போம். உங்க ஊட்டுக்காரரு அங்கியேதான் கீறாரு. அவருக்கு மேல ரெண்டு பேரு கீறாங்க, அவ்ளோதான்."

இதைக் கேட்டதும்தான் அவள் மூச்சு விட்டாள். காதர் பாய் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கதவின் சங்கிலியை அவிழ்த்தார். "அஞ்சே நிமிஷம். கமிட்டி ஆளுங்க பாத்தா என் வேல பூடும். சீக்கிரம் இட்டுகினு போ."

கிழக்குச் சுவரிலிருந்து பதினான்கு அடி வைத்து, வலப்புறம் ஒன்பது. இந்தக் கணக்கை நான் என்றைக்கும் மறந்ததில்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்று, அங்கிருந்து எண்ணி நடந்தேன். பதினான்கும் ஒன்பதும் வைத்து நின்று பார்த்தால், நான் நின்றது இரண்டு கபர்களுக்கு நடுவிலான ஒற்றையடிப் பாதை. இருக்க முடியாது. மறுபடி சுவருக்குப் போய் எண்ணி வந்தேன். மறுபடி பாதைதான். பிறகுதான் விளங்கியது. அந்தக் கணக்கை எடுத்தவனுக்கு வயது நாற்பத்தெட்டு. என் காலடி குறுகிவிட்டது.

"இங்கேதான் எங்கேயோ," என்றேன். "ஓரடி, இரண்டடி முன்னே பின்னே இருக்கலாம்." என் வாழ்நாளில் இப்படி ஒரு கணக்கை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஃபாத்னா என்னைத் தாண்டி நடந்தாள். கேனை ஹனான் தூக்கிப் பிடிக்க, இருபது லிட்டரையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லா இடத்திலும் ஊற்றினாள். ஆரஞ்சுப்பூத் தண்ணீரையும் தெளித்தாள். இலைக் கொத்தைப் பிரித்து, புதைந்திருக்கும் யாருடைய பெயரையும் படிக்காமல், ஆறு கபர்களில் வைத்தாள். சுவர் ஓரத்துக் கபர் பக்கம் திரும்பவேயில்லை. ஹனான் மட்டும் அங்கே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். அந்த அஞ்சு நிமிஷம் பதினெட்டு நிமிஷமாயிற்று.

வாசலில் பன்னும் அத்திப்பழமும் கொடுத்தோம். வரிசையில் முதலில் நின்ற கிழவி பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா பழம்மா இது, ரப்பர் மாரி கீது? எனக்குப் பல்லே மூணுதான். பன்னு ரெண்டா குடுத்துடு," என்றாள். ஃபாத்னா புரியாமலே அவளுக்கு இரண்டு பன் கொடுத்தாள். முப்பத்தொன்பது பேருக்குச் சரியாகப் போயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாட்ஜுக்குப் போனேன். வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்க அழைத்துப் போவதாக முன்பே பேச்சு. அறைக்கதவு திறந்திருந்தது. பெட்டிகள் கட்டிலின் மேல் இருந்தன. மூன்றில் இரண்டு மூடியிருந்தன.

"டிக்கெட்டை மாற்றிவிட்டோம், அம்மி. நாளைக் காலை," என்றாள் ஹனான். அவள் கண் வீங்கியிருந்தது.

ஃபாத்னா என்னை உட்காரச் சொன்னாள். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக நகத்தால் பெயர்த்து எடுத்தாள். மூலை கிழியாமல் எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் செய்தாள். கட்டில் விரிப்பின் மேல் அடுக்கினாள். நான் எண்ண வேண்டியிருக்கவில்லை, அவளே எண்ணினாள். பதினேழானதும் சேர்த்து என் கையில் கொடுத்தாள். பிறகு பேசினாள். ஹனான் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள்.

"என் பிள்ளைக்கு நீங்கள் படிப்புக் கொடுத்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன், அவளும் மறக்க மாட்டாள். என் புருஷனுக்கு நீங்கள் மண் போட்டீர்கள். அதையும் மறக்க மாட்டேன். ஆனால் நான் வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடம் பேசுவேன். ஹனானுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்கூரை ஒழுகுகிறது, எனக்கு முழங்கால் போய்விட்டது, எல்லாம் சொல்வேன். அவரைத் திட்டியும் இருக்கிறேன். பதினேழு வருஷம் யாரோ ஒருவரிடம் போய் வீட்டு விஷயமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் யார்?"

"தெரியாது," என்றேன்.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

படம் அனுப்ப ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் எனக்கு எழுத ஒன்றும் இருக்காது என்று பயந்தேன். இதுதான் உண்மையான பதில். நான் சொன்ன பதில், "உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான்." ஹனான் அதை மொழிபெயர்த்தாள். ஃபாத்னா மூன்றாவது பெட்டியை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கார் வந்தது. அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும், நாற்பத்தொரு நிமிடத்தில் விமான நிலையம் போய்விட்டோம். வாசலில் ஹனான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மாத்திரை நேரத்துக்குப் போட வேண்டும் என்றாள். நர்ஸ் எல்லோரிடமும் சொல்வதுதான். ஃபாத்னா கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போன பிறகு இருவரும் திரும்பிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம், பதினொரு பேர், யாரையோ வழியனுப்பிக்கொண்டு நின்றது.

அதே காரில் மண்ணடி வந்து, சாவியை லாட்ஜில் கொடுத்தேன். கல்லாவில் இருந்தவர் பேரேட்டைப் பார்த்தார். "இன்னா சார், ஏழு நாள்னு சொன்னீங்க, அவசரமா பூட்டாங்க? ஊரு புடிக்கலியா?"

"முழங்கால் வலி," என்றேன்.

"அதான பாத்தேன். எங்க அம்மாவுக்கும் கீது, பாவம்," என்று சொல்லி, தங்காத இரண்டு நாளுக்கு வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். எண்ணிச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்.

அறை ஏழு நாளைக்கு 12,600. வாடகைக் கார் போக வர 2,130. சாப்பாடு, மீன் உட்பட 3,560. ரயில், ஆட்டோ 865. பன் 320. தண்ணீர்க் கேன் 40. இரண்டு நாளுக்குத் திரும்பி வந்த 3,600 போக, மொத்தம் ரூபாய் 15,915.